குழந்தைகள் வார்டைத் தாண்டிய பிறகு: அரிவாள் செல் நோயும் வளர்ந்தவர்களின் வலியும்

(உலக அரிவாள் செல் நோய் நாளையொட்டி கோவையில் நடந்த கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவம் படித்தவள் அல்ல. நீலகிரியில் பழங்குடி மக்களின் உடல்நலம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். நோயின் நுணுக்கங்களை டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். நான் கூட இருந்து பார்த்ததையும், படித்ததில் எனக்குத் தெளிவானதையும் மட்டும் பேசுகிறேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். 19 வயது. ப்ளஸ் டூ முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போனவள். அரிவாள் செல் நோய் இருப்பது சின்ன வயதிலேயே தெரியும். மழைக்காலத்தில் லீவுக்கு ஊருக்கு வந்தபோது, ஒரு ராத்திரி இடுப்பிலும் தொடையிலும் வலி தொடங்கியது. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. நானும் கூடப் போயிருந்தேன்.

டியூட்டியில் இருந்த நர்ஸ் அவளைப் பார்த்ததும், "போன தடவை லீவுக்கு வந்தப்பவும் இதே கதைதானே? ஊசி போட்டுப் பழகிடுச்சா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அவளுடைய அம்மாதான், "சின்னப் புள்ளையில இருந்தே இருக்கு சிஸ்டர்" என்றார். "நல்லாத்தானே உட்கார்ந்திருக்கா" என்றார் நர்ஸ். வலிக்கு ஊசி போட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மறுநாள் அவள் என்னிடம் சொன்னது இது: "அழுதா நடிக்கிறேன்னு சொல்வாங்க. அழலைன்னா வலியே இல்லைன்னு சொல்வாங்க. எப்படி இருந்தா ஊசி போடுவாங்கன்னு எனக்குத் தெரியலக்கா."

இதே பெண் 12 வயது வரை குழந்தைகள் வார்டில்தான் படுத்திருக்கிறாள். அங்கே சிஸ்டருக்கு இவள் பெயர் தெரியும், எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்று தெரியும். 12 முடிந்ததும் பெண்கள் பொது வார்டு. அங்கே அவள் யாரோ ஒருத்தி. அடிக்கடி வந்து ஊசி கேட்கிற ஒருத்தி. நோய் அதேதான், உடம்பும் அதேதான். மாறியது வார்டு மட்டும்.

அந்த நர்ஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. ராத்திரியில் ஒரு வார்டு முழுக்கத் தனியாகப் பார்க்கிறவர் அவர். இந்த நோயில் வலி எப்படி வரும் என்று அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக, நெகிழ்வாக இருக்க வேண்டும். இந்த நோயில் ஹீமோகுளோபின் மாறியிருப்பதால், ஆக்சிஜன் குறையும்போது அவை விறைத்து அரிவாள்போல வளைகின்றன. மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. அடைத்த இடத்துக்கு ரத்தம் போகாது. அந்த வலி எலும்புக்குள்ளிருந்து வருகிறது. வீக்கம் தெரியாது, காயம் தெரியாது, எக்ஸ்ரேயில்கூடப் பல நேரம் ஒன்றும் தெரியாது. நோயாளியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

தோழர்களே, இங்கேதான் இது சாதியின் கேள்வியாகவும் ஆகிறது. சாட்சி இல்லாத இடத்தில் யாருடைய சொல்லை நம்புவது? ஒரு பணியரின் சொல்லை, ஒரு இருளரின் சொல்லை, தலித் வீட்டுப் பெண்ணின் சொல்லை இந்தச் சமூகம் எந்த இடத்தில் முதல் வாயிலேயே நம்பியிருக்கிறது? காவல் நிலையத்திலா, தாலுகா ஆபீசிலா? ஆஸ்பத்திரியில் மட்டும் நம்பிவிடுமா?

நம்மூர் ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரிய கதையும் அல்ல இது. இங்கிலாந்தில் இந்த நோய் பெரும்பாலும் ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளிக் கறுப்பின மக்களுக்கு இருக்கிறது. 2019-ல் லண்டனில் 21 வயது இளைஞர் ஒருவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே 999 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்து ஆக்சிஜன் கேட்டார். நம்ம ஊர் 108 மாதிரி. ஆஸ்பத்திரிக்குள் இருந்தே ஆம்புலன்ஸ் எண்ணைக் கூப்பிட வேண்டிய நிலை. அவர் இறந்துபோனார். அதன் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஒன்று விசாரித்து 2021-ல் அறிக்கை கொடுத்தது. அறிக்கையின் தலைப்பே 'யாரும் கேட்பதில்லை' என்பதுதான். இத்தனைக்கும் அந்த நாட்டில், அரிவாள் செல் வலியோடு வருபவருக்கு 30 நிமிடத்துக்குள் வலி மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்ற அரசு வழிகாட்டுதல் 2012-லிருந்தே இருக்கிறது.

நம் தாலுகா ஆஸ்பத்திரிச் சுவரில் அப்படி ஒரு கணக்கு ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை. மாரடைப்புக்கு நிமிடக் கணக்கு, பிரசவத்துக்கு நிமிடக் கணக்கு, இதற்குக் கணக்கே இல்லை. கடும் வலிக்கு மார்பின் வேண்டும் என்றால் அது 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. 2014-ல் திருத்தி மருத்துவத் தேவைக்குச் சுலபமாக்கினார்கள். ஆனால் நான் போன மலையோரச் சிறிய ஆஸ்பத்திரிகளில் டைக்ளோஃபெனாக் ஊசிதான். இந்த நோயில் வயது ஏற ஏறச் சிறுநீரகம் பழுதாவது உண்டு, அந்த ஊசியோ சிறுநீரகத்துக்கு ஆகாதது. வளர்ந்தவரைக் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்க்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கொஞ்சம் வரலாறு. இந்தியாவில் அரிவாள் செல் இருப்பது முதலில் பதிவானது எங்கோ அல்ல, நம் நீலகிரியில். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டார்கள். நீலகிரிக்கு வந்தவர்களின் ஆர்வம் இந்த மக்கள் எந்த இனத்திலிருந்து வந்தவர்கள், ஆப்பிரிக்காவோடு என்ன தொடர்பு என்பதில் இருந்தது. ரத்தம் போனது, கட்டுரை வந்தது. அந்த ரத்தத்துக்குரியவரின் மூட்டு வலி அங்கேயே இருந்தது. என் ஆய்வேடும் அந்த வரிசையில் இன்னொன்றாகிவிடுமோ என்ற கூச்சம் எனக்கு உண்டு.

70 வருடம் கழித்து, 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 17 மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை. 2047-க்குள் ஒழிப்பு. பரிசோதித்தவர்களுக்கு அட்டை.

பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தனக்கு என்ன நோய் என்றே தெரியாமல் செத்துப்போனவர்கள் எத்தனை பேர். சிகிச்சை பற்றியும் திட்ட ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மேடையில் பேசப்படுவது அட்டைதான். தாய், தகப்பன் இருவரிடமும் ஒற்றை மரபணு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல அட்டைப் பொருத்தம் பாருங்கள் என்கிறார்கள். சாதி பார்த்து, கோத்திரம் பார்த்து, ஜாதகம் பார்த்துக் கட்டிவைக்கிற நாட்டில் இன்னொரு பொருத்தம். அட்டை எந்தப் பெண்ணின் கையில் இருந்தால் அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் ஒற்றை மரபணு மட்டும் உள்ளவர் நோயாளியே அல்ல.

அறிவியலின் பெயரால் இது எங்கே போகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. இந்த நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில்தான் இருக்கிறது என்று 1949-ல் காட்டியவர் லைனஸ் பாலிங். இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், போருக்கு எதிராக நின்றவர். அவரே 1968-ல், இந்த மரபணு உள்ள இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்திவிடலாம், ஒருவரையொருவர் பார்த்ததும் விலகிக்கொள்வார்கள் என்று எழுதினார். நல்ல மனிதர்தான். ஆனாலும் நெற்றியில் குறியிடுவது என்றால் என்னவென்று நம்மைப்போன்றவர்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை.

எனக்குள்ள முக்கியமான மறுப்பு வேறு. 'ஒழிப்பு' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள்? இனிமேல் பிறக்கக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். ஏற்கனவே பிறந்து, 19 வயதாகி, 35 வயதாகி, இடுப்பெலும்பு தேய்ந்து நடக்கிறவர்கள் எங்கே? பரிசோதனை 40 வயதோடு நிற்பதும் என் கண்ணுக்கு அப்படித்தான் படுகிறது. பிள்ளை பெறுகிற வயது வரைதான் இந்த உடம்பின் மேல் அரசுக்கு அக்கறை.

வளர்ந்தபின் என்ன ஆகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில், பிறந்த உடனே நோய் கண்டறியப்பட்ட 940 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயின் கடும் வகை உள்ளவர்களிலேயே நூற்றுக்குக் கிட்டத்தட்ட 94 பேர் 18 வயதைத் தொட்டார்கள். அந்தப் பகுதியில் குழந்தை மருத்துவம் ஜெயித்துவிட்டது. ஆனால் கடைசி ஆண்டுகளில் நடந்த சாவுகள் 18-ஐத் தாண்டியவர்களுடையவை. பெரியவர்களுக்கான மருத்துவத்துக்குக் கைமாறிய கொஞ்ச காலத்துக்குள் இறந்திருக்கிறார்கள். பாதுகாப்பாக வளர்த்து, பாலத்தின் நடுவில் கையை விட்டுவிட்டார்கள்.

நம் ஊரில் பாலமே இல்லை. விடலைப் பருவத்தில் இந்த நோய் செய்கிற சில காரியங்களை எங்கேயும் பேச முடிவதில்லை. பெண் பிள்ளை வயதுக்கு வருவது தள்ளிப்போகிறது. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சடங்கு முடிந்திருக்கும், இவள் மட்டும் சின்னப் பெண்போல இருப்பாள். பையன்களுக்கு ஆணுறுப்பு மணிக்கணக்கில் விறைத்து வலிக்கிற நிலை வரும். உடனே பார்க்காவிட்டால் நிரந்தரப் பாதிப்பு ஆகிவிடும். எந்தப் பதினாறு வயதுப் பையன் இதை அம்மாவிடம் சொல்வான்? எந்த டாக்டர் தானாகக் கேட்கிறார்? ஒரு பையனிடம் இதைப் பற்றிப் பேச எனக்கும் வாய் வரவில்லை, கூட வந்த ஆண் தோழரைத்தான் பேசச் சொன்னேன்.

அந்த வயதில்தான் மாத்திரையும் நிற்கிறது. ஹைட்ராக்சியூரியா என்று ஒரு மருந்து. புது மருந்து அல்ல, புற்றுநோய்க்குப் பயன்பட்டுவந்த மருந்து. 1995-ல் 299 பேரிடம் செய்த சோதனையில் வலி வரும் தடவைகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. கவனியுங்கள், அந்த 299 பேரும் பெரியவர்கள். தினமும் சாப்பிட வேண்டும், அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும், கருத்தரிக்க நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி நிறுத்த வேண்டும். ஹாஸ்டலில் இருக்கும்வரை வார்டன் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். படிப்பு முடிந்து வேலைக்குப் போனவுடன் யார் கொடுப்பது? மாத்திரை இலவசம்தான். அதை வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி, பஸ் காசு, சாப்பாடு. ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்கு என்றால் இன்னொரு நாள் கூலி. மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று எழுதிவைக்கிறார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். வலியைத் தூண்டுவது எவையெவை என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்: குளிர், நனைவது, உடம்பில் தண்ணீர் வற்றுவது, அளவுக்கு மீறிய உழைப்பு, காய்ச்சல். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஜூலை மாதம் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாருங்கள். இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டிக்கொண்டு, மழையில் நின்று, முதுகில் கொழுந்துச் சுமையோடு மேடேறுகிற பெண்ணைப் பாருங்கள். பட்டியலில் காய்ச்சலைத் தவிர எல்லாம் அங்கே இருக்கும். "குளிரில் போகாதே, நிறையத் தண்ணி குடி, ஓய்வெடு" என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். தோட்டத்து எடைபோடுகிறவர் அந்தச் சீட்டைப் படிப்பாரா?

மலையை விட்டுக் கீழே இறங்கினால் பனியன் கம்பெனி. அந்தப் பெண் எட்டு மணி நேரம் நின்று செக்கிங் பார்க்கிறாள், ஓவர் டைம் தனி. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். இந்த நோயில் சிறுநீரகத்துக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் சக்தி குறைந்துவிடுவதால் மற்றவர்களைவிட அதிகம் போக வேண்டியிருக்கும். இரண்டு தடவைக்கு மேல் எழுந்தால் சூப்பர்வைசர் பார்க்கிறார். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். அந்த ராத்திரி ஜீப்பில் அவள் துடித்ததற்குக் காரணம் மரபணு மட்டும் அல்ல, ஒரு கழிப்பறை இடைவேளையும்தான் என்று நான் நினைக்கிறேன். இதை எந்தக் கேஸ் ஷீட்டிலும் எழுத இடமில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. அதில் அரிவாள் செல் நோயும் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு யாருக்கு என்று பட்டியலிடுகிறது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம், மனநலம் என்று போகிற அந்தப் பட்டியலில் ரத்த நோய்கள் இல்லை. இடுப்பு எலும்பு பழுதானால் இயக்கக் குறைபாடு என்ற பெயரில் சான்றிதழுக்கு முயலலாம். அதாவது எலும்பு சாகிற வரை காத்திருக்க வேண்டும். 32-ஆம் பிரிவின் 5 சதவீத உயர்கல்வி ஒதுக்கீடு உண்டு, அதற்கும் 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். ஒரு மாதம் ஓடியாடி, அடுத்த மாதம் கட்டிலில் கிடக்கிற நோயைச் சதவீதத்தில் எப்படி அளப்பது? சோதனைக்குப் போகிற அன்றைக்கு நன்றாக நடந்துபோனால் அதுவே குற்றமாகிவிடுகிறது. இடஒதுக்கீட்டுக்காக இத்தனை வருடம் போராடிய நம் இயக்கங்கள் இந்த ஓட்டையை ஏன் பேசவில்லை? எனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இது பழங்குடி நோய், நமக்கு என்ன என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது. சரியல்ல. மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் இந்த மரபணு அதிகமாக இருக்கும் சமூகங்களில் மகர்களும் உண்டு. 1956-ல் அண்ணலோடு நாக்பூரில் பௌத்தம் ஏற்ற மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே நாக்பூரின் ஆஸ்பத்திரி வரிசையில் இந்த நோய்க்காக நிற்கிறார்கள். 'பழங்குடி நோய்' என்ற ஒரே பெயரை ஒட்டினால் அவர்கள் பேச்சில் காணாமல் போகிறார்கள். மரபணு சாதி பார்ப்பதில்லை. மலேரியா இருந்த நிலங்களில் அது நிலைத்தது, ஒற்றை மரபணு மலேரியாவிலிருந்து காத்ததால். அதே சாதிக்குள்ளேயே கட்டிக்கொடுக்கிற வழக்கம் அதை வெளியே பரவவிடாமல் உள்ளேயே சுழலவிட்டது. அகமணம்தான் சாதியின் அடித்தளம் என்று அம்பேத்கர் 1916-லேயே சொன்னார். ரத்தத்தில்கூட அதைப் படிக்கலாம்.

இன்னொன்று. 1971-ல் அமெரிக்காவின் கறுஞ்சிறுத்தைகள் தெருத்தெருவாக, தங்கள் இலவச மருத்துவமனைகளில், இந்த நோய்க்குப் பரிசோதனை நடத்தினார்கள். கறுப்பர்களின் நோய் என்பதால்தான் பணம் ஒதுக்கவில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். 1972-ல் நிக்சன் அரசு இதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. அதே 1972-ல் பம்பாயில் அவர்களின் பெயரை எடுத்துக்கொண்டு தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். பெயரையும் கோபத்தையும் எடுத்துக்கொண்ட நாம், அந்த ரத்தப் பரிசோதனை மேசையை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று சில சமயம் யோசிப்பேன்.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை 1990-லிருந்து நடக்கிறது. பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸ்களாக இருக்கிறார்கள். வலி என்று ஒரு பணியர் பெண் வந்து நின்றால், எதிரில் இருப்பவர் அவளுடைய மொழி தெரிந்தவர். கேரளத்தில் இந்த நோயாளிகளுக்கு அரசு மாத ஓய்வூதியம் கொடுக்கிறது. போதாத தொகைதான், அதுவும் தாமதமாக வருகிறது என்று வயநாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட அரசு அது. தமிழ்நாட்டில் மாதம் ஒரு நாள், மலையிலேயே, பெரியவர்களுக்கென ஒரு கிளினிக், அங்கேயே ரத்தப் பரிசோதனை, அங்கேயே ஹைட்ராக்சியூரியா. 15 வயதிலேயே குழந்தை டாக்டரும் பொது மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து கைமாற்றுகிற ஒரு ஏற்பாடு. 34-ஆம் பிரிவில் திருத்தம். இதற்கெல்லாம் அமெரிக்காவில் இருபது லட்சம் டாலருக்கு மேல் விலைவைத்திருக்கிற மரபணு சிகிச்சை தேவையில்லை.

அதுவரைக்கும் நாங்கள் ஒரு வேலை செய்தோம். அந்தப் பெண்ணுக்கு மருத்துவம் பார்க்கிற டாக்டரிடம் கேட்டு, ஒரே ஒரு தாள் எழுதி வாங்கினோம். தமிழிலும் ஆங்கிலத்திலும். இவருக்கு அரிவாள் செல் நோய் உண்டு, வலி வந்தால் இன்ன மருந்து இன்ன அளவில் வேலை செய்திருக்கிறது, இன்ன மருந்து கொடுக்க வேண்டாம், நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ இருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். கீழே கையெழுத்து, சீல். லேமினேட் செய்து கொடுத்தோம், 20 ரூபாய் ஆனது. திருப்பூரில் போன மாதம் வலி வந்தபோது கூட இருந்த பெண்கள் அவளை ஆட்டோவில் ஏற்றி, அந்தத் தாளை நீட்டியிருக்கிறார்கள். 40 நிமிடத்தில் ஊசி போட்டார்கள் என்று போனில் சொன்னாள். அந்தத் தாளின் மாதிரியைக் கொண்டுவந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. உங்கள் பகுதியில் தெரிந்தவர்கள் யாருக்காவது தேவைப்பட்டால் எடுத்துக்கொண்டு போய், பார்க்கிற டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கேள்விகள் இருந்தால் பேசலாம்.